தரைக்கும் மேஸ்திரிக்கும் நடுவே

1

ணங்!

சத்தம் என் தலைக்கு மேலே, கூரையில். அதன் பின்னாலேயே ஏதோ கொஞ்சம் உருண்டு நின்றது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் உதித்ததல்ல, கூரையிலிருந்து விழுந்தது. அப்போது நான் வாரப் பத்திரிகைத் தொடர் ஒன்றின் பதினேழாம் அத்தியாயத்தில் இருந்தேன். கதாநாயகி ரயிலைத் தவறவிட்டு அழவேண்டிய இடம். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்து அழட்டும் என்று விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். மேல்வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகிப் பதினாலு வாரம். விழுந்தது பாத்திரமா, ஆளா?

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே அவர் நடுக்கூடத்தில் நின்றிருந்தார். இடுப்பில் அகலமான பெல்ட், கை இரண்டும் தொங்க, கண் மட்டும் கீழே. காலடியில் ஒரு எவர்சில்வர் டம்ளர்.

டம்ளர் மட்டுமா? ஜன்னலோரம் டிவி ரிமோட். சோபா பக்கத்தில் சீப்பு. சமையலறை வாசலில் ஒரு ஸ்பூன். கதவுப் பக்கம் அன்றைய செய்தித்தாள், விழுந்த வாக்கில் கவிழ்ந்து.

"எடுத்துத் தரட்டுமா மேஸ்திரி?"

"ஐயோ வேணாம் ரைட்டர், அப்படியே இருக்கட்டும். அவ வந்து எடுத்துக்குவா."

"நான்தான் இங்கேயே நிக்கிறேனே."

"நீங்க உக்காருங்க, டீ குடிக்கிறீங்களா? டம்ளர் ஒண்ணு குறையும், அவ்வளவுதான்."

சிரித்தார். நானும் சிரித்தேன். வெறுங்கையோடு இறங்கி வந்தேன். படியில் பாதி வரும்போதுதான் உறைத்தது. உதவி செய்ய வந்த கையை ஒரு மனிதர் ஏன் தடுக்க வேண்டும்?

கதாநாயகியின் ரயில் அன்றைக்குப் போனது போனதுதான்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'அவர் முதுகுக்குள் நாலு ஸ்க்ரூவும் இரண்டு கம்பியும் இருந்தன.'

பரவாயில்லாத வரிதான். ஆனால் ஆளைச் சொல்லாமல் இரும்புக்கடைப் பட்டியலைச் சொல்கிறது. அடித்தேன்.

'இருபத்திரண்டு வருஷம் தரையிலேயே குந்தியிருந்து டைல்ஸ் போட்டவருக்கு இன்று தரை என்பது எட்டாத —'

[எட்டாத என்ன? கனியா? வேண்டாம். வாக்கியம் இப்படியே நொண்டிக்கொண்டு நிற்கட்டும்.]

மூன்றாவது தொடக்கத்தை அவர் மனைவியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அந்தம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தெருவே அவரை டிரைவரம்மா என்றுதான் கூப்பிடும், கணவர் உட்பட. ஆஸ்பத்திரியிலிருந்து மேஸ்திரியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதே மஞ்சள் வேனில்தான். வழியில் பத்தொன்பது வேகத்தடை. ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி, முன் சக்கரத்தை இறக்கி, மறுபடி நிறுத்தி, பின் சக்கரத்தை இறக்கியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் ஹாரனை அமுக்கிய அமுக்கில் ஊரே திரும்பிப் பார்த்தது. ஒருவன் இறங்கி வந்தே கேட்டான்.

"என்னம்மா, உள்ள முட்டையா ஏத்தியிருக்க?"

"புருஷன ஏத்தியிருக்கேன். முட்டைன்னா இதைவிட வேகமாப் போவேன்."

இதைச் சொல்லும்போது டிரைவரம்மா சிரிக்கவில்லை. மேஸ்திரிதான் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, வலிக்காத அளவுக்குச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் போட்ட சட்டம் தொடங்கியது. குனியக் கூடாது. தூக்கக் கூடாது. இடுப்பைத் திருப்பக் கூடாது. படுக்கையிலிருந்து எழுவதென்றால் மரக்கட்டை மாதிரி மொத்தமாக உருண்டு, பக்கவாட்டில் கையை ஊன்றித்தான் எழ வேண்டும். முதுகெலும்புக்கு நடுவில் வைத்த எலும்புத் துண்டு மேலும் கீழும் ஒட்டிக்கொள்கிற வரை இப்படித்தான்.

"புதுத் தரை போட்டா ஒரு நாள் யாரும் மிதிக்காதீங்கன்னு சொல்லுவேன்," என்றார் மேஸ்திரி. "அதுக்கே என்னைத் திட்டுவாங்க. இங்க ஆறு மாசம் ஆகும்ங்கிறார் டாக்டர். நான் யாரைத் திட்டறது?"

3

இனி வருவது சாயங்கால ஐந்தரை மணிக் காட்சி. ஒரு நாள் இட்லிப் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனபோது பார்த்தேன்.*

(* இட்லிப் பாத்திரம் என்றால் யார் வீடு என்று ஊருக்குத் தெரிந்துவிடும். வெறும் பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

டிரைவரம்மா சாவிக்கொத்தை ஆணியில் மாட்டினார். கைப்பையைக் கூட வைக்காமல் தரையைத்தான் பார்த்தார். போலீஸ்காரர் சம்பவ இடத்தைப் பார்ப்பாரே, அந்த மாதிரி.

"ம்ம். ஸ்பூன் சமையல்கட்டு வாசல்ல. ஒன்பது மணி மாத்திரைக்குப் போயிருக்கீங்க. கையில டம்ளரும் வச்சிருந்தீங்க, சரியா?"

"சரி."

"ரிமோட் ஜன்னல் கிட்ட. நியூஸ் பாக்காம வெளிய வேடிக்கை பாத்துட்டு நின்னிருக்கீங்க. எவ வந்தா?"

"எதிர்வீட்டுப் பூனை."

"நம்பிட்டேன். சீப்பு எதுக்கு? வெளிய போற ஐடியாவா?"

"தலை சீவக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையே."

டிரைவரம்மா ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்தார். எடுக்க எடுக்க மேஸ்திரியின் பகல் முழுவதும் அந்தம்மா கைக்கு வந்தது. கடைசியாக, அவர் காலடியில் கிடந்த டம்ளரை எடுக்கக் குனிந்தார். அந்தப் பின்னந்தலை மேஸ்திரியின் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து, அவர் பாதத்தை மறைத்தது. நெற்றியோரம் வேர்த்த முடி, வேன் சீட்டின் ரெக்ஸின் வாசனை, காலையில் போட்ட பவுடரின் மிச்சம். மேஸ்திரி மூச்சைக் கூட விடவில்லை.

பிறகு அந்தம்மா நிமிர்ந்தார். இரண்டடி பின்னால் போனார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழு டைல்ஸ் காலியாக இருந்தது.

அதற்கப்புறம் பேச்சு, சாப்பாடு, மாத்திரை, கேலி எல்லாம் அந்த ஒரு டைல்ஸ் தூரத்திலிருந்துதான். நான் அங்கே இருந்தவரை அந்தத் தூரம் குறையவே இல்லை.

4

முதல் பிரதியில் டிரைவரம்மாவை நான் மோசமாக எழுதியிருந்தேன். அலுத்துப் போனவள், நோயாளியைச் சுமந்து சலித்தவள் என்றெல்லாம். இந்த மாதிரிக் கதையில் மனைவி அப்படித்தான் இருப்பாள் என்று பேனாவே எழுதிவிட்டது. அலுத்துப் போனவள் காலையில் கிளம்பும்போது மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கிண்ணத்தின் மேலும் கோபமான ஒரு முகம் வரைந்து வைத்துவிட்டுப் போவாளா? [மூன்று பக்கம் கிழிந்தது.]

காரணம் வேறு. அதை மேஸ்திரியே சொன்னார்.

முதல் நாலு வாரம் எல்லாமே டிரைவரம்மாதான். உடம்பு துடைத்தது, பெல்ட் கட்டியது, உருட்டி எழுப்பியது. நாலாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் ஜன்னலோரம் நின்று ஏதோ ஜோக் சொல்லியிருக்கிறார். அந்தம்மா சிரித்துக்கொண்டே வந்து, கல்யாணமான நாள் முதல் செய்கிற மாதிரி, பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். மறந்துபோய்த்தான்.

மேஸ்திரி கத்தினார்.

"அப்படி ஒரு கத்தல் என் தொண்டையில இருக்குன்னு எனக்கே தெரியாது ரைட்டர்."

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் அசையவில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தம்மா காதுக்கு எக்ஸ்ரே எடுக்க முடியாதே. மறுநாளே ஆண் நர்ஸ் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டார். அவர் மூன்று வாரம் வந்து நின்றுவிட்டார். அதன் பிறகு மேஸ்திரி தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டார். டிரைவரம்மா தன் படுக்கையை உள்ளறைக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்களே கூப்பிடலாமே?" என்றேன்.

"என்னன்னு கூப்பிடறது?"

அதுவும் சரிதான். வா என்னைத் தொடு என்று எந்த மேஸ்திரி வாய் திறந்து கேட்டிருக்கிறார்? மனைவி தொடலாமா என்று போன செக்கப்பில் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும் என வீட்டிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாராம். டாக்டர் நிமிர்ந்து, "வேற ஏதாவது சந்தேகம்?" என்றதும், "ஏணி ஏறலாமா?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"என் முதுகைப் பாத்தீங்களா ரைட்டர்?" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார். நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் தையல் போட்ட தடம். "மட்டம் பாக்காம ஜாயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு. இதைப் பாத்தா யாருக்குத்தான் கிட்ட வரத் தோணும்?"

வலி போய்விட்டதா, எலும்பு ஒட்டிவிட்டதா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். மேஸ்திரிக்கு ஒரே கேள்விதான். அந்தக் கை திரும்ப வருமா?

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை பளிச்சென்றது. அவர் வேண்டுமென்றே போடுகிறார்! அந்தம்மா பக்கத்தில் வந்து குனிகிற அந்த இரண்டு வினாடிக்காக.

எழுதி முடித்துவிட்டு எனக்கு நானே ஒரு காபி போட்டுக்கொண்டேன். வாசகர்கள் கண் கலங்கப் போவது உறுதி.

மறுநாள் மாடி நடையில் அவர் நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தார். கூடவே நடந்தபடி, பட்டும் படாமல் விஷயத்தைத் தொட்டேன். மேஸ்திரி நின்றுவிட்டார்.

"வேணும்னேதான் போடறேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு ஊகம்தான்."

"கூடத்துல ஒரு டைல்ஸ் உள்ள வெத்தா இருக்கு ரைட்டர். அடியில கலவை பிடிக்கல. குடி வர்ற அவசரத்துல நானே போட்டது. நல்லா இருந்தேன்னா குந்தி உக்காந்து, கட்டையால தட்டிப் பாத்தே சொல்லிடுவேன். இப்ப குந்த முடியலையே. அதான் ஸ்பூன், டம்ளர்னு ஒவ்வொரு டைல்ஸ் மேலயும் போட்டுப் பாத்தேன். கெட்டியா இருந்தா ணங்குனு கேக்கும். வெத்தா இருந்தா டொக்குனு வாங்கும்."

கண் கலங்கவிருந்த என் வாசகர்கள் வரிசையாக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். காதல் கதை எழுதப் போனவன் கையில் கட்டட வேலை.

வாயில் வந்ததை ஒப்புக்குக் கேட்டு வைத்தேன். "கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ஓ, அது மூணு வாரம் ஆச்சு."

சொல்லிவிட்டுக் கிடுகிடுவென்று நடக்க ஆரம்பித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. அந்த வேகத்தில் தோளில் கிடந்த துண்டு நழுவி விழுந்தது. நான் ஓடுவதற்குள், சுவரைப் பிடித்து, முதுகு வளையாமல் முழங்காலை மடக்கி இறங்கி, துண்டை எடுத்து, அதே மாதிரி எழுந்தார். தெரபிஸ்ட் கற்றுக்கொடுத்திருக்கிறார். எடுத்த பிறகுதான் நான் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"கீழ போய் எழுதுங்க ரைட்டர்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

6

முடிவுகள்.

முதலாவது: துண்டை எடுக்கிற காட்சியை டிரைவரம்மா பார்த்துவிடுகிறார். கோபம். பிறகு கண்ணீர். பிறகு அணைப்பு. பத்திரிகை ஆசிரியருக்கு மிகவும் பிடிக்கும். அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

இரண்டாவது: அவர் மறுபடி வேலைக்குப் போகிறார், தரையில் எதுவும் விழுவதில்லை, சாயங்காலம் அந்தம்மா சுத்தமான தரையைப் பார்த்து — [முடியவில்லை. இதை எழுதக் கை வரவில்லை.]

மூன்றாவதாக ஒன்றும் வைத்திருந்தேன். எதுவுமே நடக்காது. ஐந்தரைக்கு வேன் வரும், டம்ளர் கிடக்கும், அந்தம்மா குனிவார், நிமிர்வார், நடுவில் ஒரு டைல்ஸ். வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. ஆனால் வாரப் பத்திரிகையில் இதைப் போட்டால் கடைசிப் பக்கம் அச்சாகவில்லை என்று கடிதம் வரும்.

மூன்றில் எது என்று நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டேன். நிஜ மனிதர்கள் கதை, கேட்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பதற்காகத்தான் தாள்களை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். டிரைவரம்மா வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பானெட்டில் தாள்களை வைத்து, நின்றபடியே படித்தார். வேகத்தடை வந்த இடத்தில் லேசாக உதடு விரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த இடத்தில் ஒரு நிமிஷம் வேறெங்கோ பார்த்தார். துண்டு வந்த இடத்தில் நான்தான் வேறெங்கோ பார்த்தேன்.

"அவர் எடுப்பார்னு எனக்குத் தெரியும்," என்றார். "போன வாரம் கூடத்துல துணி சோப்பு விழுந்து கிடக்குது. குளியலறையிலிருந்து அது என்ன நடந்தா வரும்?"

"உங்களுக்குக் கோபமில்லையா?"

டிரைவரம்மா நாலாவது பகுதியை மறுபடி புரட்டி எடுத்தார். மேலே, மாடியில், எதுவோ ணங்கென்று விழுந்தது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். அந்தம்மா உடனே ஓடவில்லை. தாளில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"இங்க ஒண்ணு தப்பா இருக்கு ரைட்டர். அந்தக் கை திரும்ப வருமான்னு எழுதியிருக்கீங்க."

"அவர் கேட்டதுதானே?"

"அவருக்கு ஆபரேஷனுக்கு முன்னாடியிருந்தே இடது பாதம் மரத்துத்தான் கிடக்குது, இன்னும் உணர்ச்சி வரல. தினம் சாயங்காலம் டம்ளரை எடுக்கக் குனியறப்ப அந்தப் பாதத்து மேலதான் கை வச்சிட்டு எந்திரிக்கிறேன்... அங்க வச்சா அவர் கத்த மாட்டாருல்ல?"