சக்கரபாணியின் பிராக்டிகல்

"கொடத்தக் கீழ வைங்க. கேன்டீன்காரங்க வரட்டும்" என்றாள் அன்புக்கரசி, மறுபடியும்.

தண்ணீர்க் குடத்தோடு நின்ற நாத்தனார் செல்லக்கிளிக்குச் சுருக்கென்றது. செத்த புருஷனைக் குளிப்பாட்ட விடாமல், கேன்டீன் வேனுக்குக் காத்துக் கிடப்பவளை எந்த ஊரில் கண்டது? தாண்டவன்குப்பத்துப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அன்புக்கரசியின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பார்வை தெருமுனையிலேயே இருந்தது.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. சக்கரபாணி பாஸா, இல்லையா? பாஸ் என்றால் அதை அவன் காதில் சொல்லித்தான் அனுப்புவாள்.

நிலக்கரி மைன்ஸ் கேன்டீனில் சாம்பார் கொதிக்க வைத்தே தலை நரைத்தவன் அவன். ஆனாலும் பேர் என்னவோ ஹெல்ப்பர்தான். இந்த வருஷம் கான்ட்ராக்ட் எடுத்தவர்கள், வேலை செய்கிற எல்லோருக்கும் பயிற்சி வைத்தார்கள். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, காய்க்கு ஒரு பலகை, கறிக்கு வேறு பலகை. கடைசியில் பரீட்சை. தேறினால் மாஸ்டர். பரீட்சை என்றதும் மனுஷன் ஆடிப்போய்விட்டான். பள்ளிக்கூடத்தில் எதிலும் தேறிய சரித்திரம் கிடையாது. அன்புக்கரசிதான் சோறு போடுமுன் கேள்வி கேட்பாள். பதில் தப்பினால் அப்பளம் இல்லை. "வாத்தியாரம்மா, கொஞ்சம் கருண காட்டுங்க" என்று கெஞ்சுவான், பாவி மனுஷன்.

எழுத்துப் பரீட்சையில் தப்பித்துவிட்டான். நேற்று சமைத்துக் காட்டும் பிராக்டிகல். வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "நாளிக்குத்தான் சொல்லுவாங்களாம்" என்று சட்டையைக் கழற்றினான். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான்.

வேன் வந்தது. சூப்பர்வைசர் ஆல்பின் மாலையோடு இறங்கினான். பின்னால் காய் நறுக்கும் வீரம்மாளும் மற்றவர்களும் வந்தார்கள்.

"ஆல்பினு, அவரு பாஸா?"

அவன் மாலையைச் சாத்திவிட்டுத் தரையைப் பார்த்தான். "பாஸ்தாங்க்கா."

"எம் மூஞ்சியப் பாத்து சொல்லு."

அவனால் முடியவில்லை. வீரம்மாள்தான் பொறுக்கமாட்டாமல் உடைத்தாள். "எதுக்குத் தம்பி பொய்யி? பெயிலும்மா. நேத்தே சொல்லிட்டாங்க. எல்லாம் நல்லாத்தான் செஞ்சாரு. கடசில உப்புப் பாக்கறன்னு கரண்டியச் சாச்சி உள்ளங்கையில ஊத்தி நக்கிட்டாரு. உறையோடவே! மார்க்குப் போட வந்த சாரு பேனாவ மூடிட்டாரு. அடுத்த மாசம் திரும்ப வெப்பாங்களாம். 'வூட்ல சொல்லிடாதீங்க, அவ எனக்காக ராவெல்லாம் படிச்சிக்கினு கெடந்தா'ன்னு எங்களக் கெஞ்சிக்கினு இருந்தாரு."

அன்புக்கரசி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"யோவ்! எத்தினி வாட்டி சொன்னேன்? ஸ்பூன்ல எடுத்துப் பாரு, கையில ஊத்தாதன்னு தலதலயா அடிச்சிக்கினேனே! அந்த நக்கற புத்தி போச்சா ஒனக்கு? பெயிலானா உன்னக் கொன்னா போட்டிருப்பேன்? ஒரு நாளு அப்பளம் போட்டிருக்க மாட்டேன், அவ்ளோதானே! அதப் போயி எங்கிட்ட மறச்சிக்கினு..."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு, அப்படியே அழ ஆரம்பித்தாள். அதன்பிறகுதான் அன்புக்கரசிக்கும் அழுகை வந்தது. மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நேற்று ராத்திரி அவன் சாம்பார் சோற்றுக்கு ஸ்பூன் கேட்டதும், "தொரைக்கு ஸ்பூன் கேக்குதோ" என்று இவள் சிரித்ததும் இப்போதுதான் உறைத்தது. அடுத்த மாசத்துக்குப் பழகியிருக்கிறான்.

குளிப்பாட்டி, புது வேட்டி கட்டிக் கிடத்தினார்கள். செல்லக்கிளி வாய்க்கரிசித் தட்டை நீட்டினாள்.

அன்புக்கரசி கையை நீட்டவில்லை. எழுந்து உள்ளே போனாள். நேற்று அவன் சாப்பிட்டபின் கழுவிக் கவிழ்த்திருந்த ஸ்பூனோடு வந்து, அதில் அரிசியை அள்ளினாள்.

"இது என்னாடி புது வழக்கம்?" என்று வாயெடுத்தாள் ஒரு பெரியம்மா. செல்லக்கிளி அந்தப் பெரியம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அன்புக்கரசி குனிந்தாள். ஒரு மணிகூடச் சிந்தாமல் ஸ்பூனை அவன் உதட்டருகே கொண்டுபோனாள்.