வியன்னாவில் இரண்டு நாள்

“தேவிகுளத்துல எறங்கணும்னு கண்டக்டர்ட்ட சொல்ல வாய் வராம மூணாறு வரைக்கும் போன நீயா, எனக்கு வியன்னாவுல வழி சொல்லப் போற?”

ஆனந்தி அக்கா போன மாதம் என்னிடம் இப்படிக் கேட்டாள். என் பெரியம்மா குருவம்மாளின் மகள். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் நர்ஸ். போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த ஊரைத் தாண்டியதில்லை. முதல்முறையாகச் சனியும் ஞாயிறும் சேர்ந்து லீவு வந்திருந்தது. வியன்னாவுக்கு ரயிலில் மூன்று மணி நேரம்தான்.

நான் வாயால் சொல்லவில்லை, எழுதினேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன நோட்டில் நிறையப் பக்கம் மிச்சமிருந்தது. மூன்று வாரம் ஃபோனைப் பார்த்துப் பார்த்து அந்த ஊர்த் தெருக்களிலேயே இருந்தேன். என்ன ஊர் அது! பழைய நகரத்தைச் சுற்றி வட்டமாக ஓர் அகலமான சாலை, அதில் டிராம். பெரிய மாதா கோவிலின் கோபுரத்தில் முந்நூற்று நாற்பத்து மூன்று படிகள். ஏறிப் பார்த்தால் கூரைகள் எல்லாம் காலுக்குக் கீழே.

அதற்குள் கூட வருவதாக இருந்த, அக்காவோடு வேலை பார்க்கும் கோட்டயத்து சிஞ்சு சேச்சி வரவில்லை என்றுவிட்டாள். பெரியம்மா ஒரே பிடியாக நின்றாள்: “ஒத்தையில போகக் கூடாது.” போகவில்லை என்றால் அந்த இரண்டு நாளும் வேறொருத்தியின் டூட்டியை அக்காவே பார்க்க வேண்டும். எதுவென்று இன்றைக்குள் இல்லத்தில் சொல்லியாக வேண்டும்.

“சொல்லாமப் போயிரேன்க்கா” என்றேன் காலையில் ஃபோனில்.

“போயிரலாம்ட்டி. ஆனா அங்க எதைப் பாத்தாலும் எங்கம்மா மொறைக்கிற மாதிரியே இருக்கும்.”

மதியம் பெரியம்மா தேயிலைக் கொழுந்துக் காட்டிலிருந்து சாப்பிட வந்தாள். அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த ஃபோனில் அக்கா.

“என்னமோ எழுதி வச்சிருக்காளாமே. படி பாப்போம்” என்றாள் பெரியம்மா.

அதுவரை யாருக்கும் காட்டாத நோட்டு. முதல் நாள் மியூசியம், கோபுரத்துப் படிகள், மறுநாள் கடைவீதி, கடைசியில் டிராமில் ஒரு சுற்று என்று படித்தேன்.

அக்கா சிரித்துவிட்டாள். “ஏட்டி, ஞாயித்துக்கிழமை இங்க கடையெல்லாம் பூட்டிக் கெடக்கும்!”

எனக்கு நம்ப முடியவில்லை. எங்கள் எஸ்டேட் லயத்தில் எல்லோரும் கடைக்குப் போவதே ஞாயிற்றுக்கிழமைதான்.

“அப்ப கடையை மொத நாளுக்கு மாத்து” என்றாள் பெரியம்மா, சோற்றைப் பிசைந்துகொண்டே. “ரெண்டு நாளைக்கு வேண்டிய ரொட்டியையும் அன்னைக்கே வாங்கிரட்டும். டிராமுல கடைசியிலயா ஏறுவாக? மொதல்ல ஒரு சுத்து சுத்தி, எது எங்க இருக்குன்னு பாத்துட்டுல்ல எறங்கி நடக்கணும்?”

மலையடிவாரத்துப் போடியைத் தாண்டிப் போகாதவள். சரிவை ஒரு தடவை பார்த்து, மழைக்கு முன் எந்தப் பக்கத்தைக் கிள்ளி முடிக்க வேண்டும் என்று சொல்பவள். அதே கண்ணை என் நோட்டில் வைத்திருந்தாள். எனக்கு எழுதி மாளவில்லை.

“கக்கூஸ் எங்கெங்க இருக்கு?”

நோட்டை முன்னும் பின்னும் புரட்டினேன்.

“அப்ப மூணு வாரமா என்னத்தட்டி எழுதுன?”

“ஸ்டேஷன்ல இருக்கும்மா, மியூசியத்துலயும் இருக்கும்” என்று அக்கா என்னைக் காப்பாற்றினாள்.

“தண்ணி?”

இது எனக்குத் தெரியும். “மலையில இருந்து வருது பெரியம்மா. நூறு கிலோமீட்டருக்கு மேல. குழாயில பிடிச்சு அப்படியே குடிக்கலாமாம்.”

“நாம மலை மேலயே குடியிருக்கோம், நம்ம குழாயில காத்துதான் வருது.”

மூவரும் சிரித்தோம். பெரியம்மாதான் முதலில் நிறுத்தினாள்.

“எல்லாம் சரி. அந்த முந்நூறு படியில ஒத்தையில ஏறி வழுக்கி விழுந்தா உன்னைய யாரு தூக்குவா?”

அக்கா மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா, இங்க தெனமும் பதினோரு பேரை நான்தான் தூக்குறேன். குளிக்க வச்சு, துணி மாத்தி, நாற்காலியில உக்கார வைக்கிறேன். ரெண்டே ரெண்டு நாளு, யாரையும் தூக்காம, கையை வீசிட்டு நடந்துட்டு வாறேனே.”

பெரியம்மாவின் கை சோற்றிலேயே நின்றது. நர்ஸ் என்றால் அங்கே என்னென்ன செய்ய வேண்டும் என்று அவள் இதுவரை கேட்டதே இல்லை. நானும்தான்.

“சனிக்கிழமை எத்தனை மணிக்கு ரயிலு?”

“ஆறரைக்கும்மா.”

“அப்ப அஞ்சுக்கே எந்திரி. செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்க.”

அக்காவின் முகம் ஃபோனுக்கு வெகு அருகில் வந்தது. “அம்மா... அப்ப போகட்டா?”

பெரியம்மா தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பிளாஸ்டிக் ஷீட்டை இடுப்பில் சுற்றிக் கட்டி, கொழுந்து வெட்டும் கத்திரியை எடுத்துக்கொண்டாள். ஃபோனின் முன் குனிந்து, மகளின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். “படியில பாத்து ஏறு” என்றுவிட்டு வாசற்படி இறங்கிவிட்டாள். நான் ஃபோனைத் தூக்கி வாசல் பக்கம் திருப்பிப் பிடித்தேன். தேயிலைக்கு நடுவே அவள் ஏறிப் போவதை நானும் அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தோம்.