பச்சைக் கேக்கும் ஆறு கீல்களும்

1

இந்தக் கதை ஒரு ஃபிரிட்ஜுக்குள் கிடைத்தது. லின்ஷொப்பிங் நகருக்கு வெளியே, பழைய டிராக்டர் கொட்டகை ஒன்றில், நின்ற இடத்திலிருந்தே மேலெழும்பும் ஓராள் விமானத்தை மூன்று பேர் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே எட்டு மாதம் கம்பி பற்றவைத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பால் எடுக்கத் திறந்தால், உள்ளே ஒரு பச்சைக் கேக். எனக்குப் பின்னால் நின்ற, மூவரில் ஒருவனான ஹோல்கரின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

(இனி கொட்டகைக்குள் நான் வரமாட்டேன். ஓர் ஆள் குறைந்தால் கதைக்கு அவ்வளவு எடை மிச்சம்.)

2

தொடக்கங்கள்:

“ஏரியில் பனிக்கட்டி உடையத் தொடங்கிய அந்த மார்ச் மாதத்தில்—” வேண்டாம். ஏரிக்கு இதில் வேலையே இல்லை.

“பறவையைப் பார்த்து மனிதன் ஏங்கிய நாள் முதல்—” இதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. சரி, இதுவே இருக்கட்டும்.

விமானத்திலிருந்து ஒரு பாகத்தை எடுத்துவிடலாம் என்று நினைப்பவர், மூன்று மணிக் காப்பிக்குக் கேக் வாங்கிவர வேண்டும். அந்தப் பாகத்தைச் செய்தவர் ஒரே ஒரு வாக்கியம் பேசலாம். பிறகு அவர் தன் கையாலேயே கேக்கை வெட்டினால் பாகம் போயிற்று. வெட்டாவிட்டால் பாகம் தப்பியது. கேக் தொடப்படாமல் திரும்பிப் போகும். ஒரு திருகுக்கு இலவங்கப்பட்டை பன் போதும். பாதாம் மாவு போர்த்தி, உச்சியில் ரோஜா வைத்த பச்சைக் கேக்கை நான்கு ஆண்டில் யாரும் வாங்கியதில்லை. அவ்வளவு பெரிய பாகத்தின் மேல் யாரும் கை வைத்ததில்லை.

3

விமானத்துக்கு ஆறு விசிறிகள். மேலெழும்பும்போது வானத்தைப் பார்த்திருக்கும். முன்னே போக வேண்டுமானால் ஒவ்வொன்றும் தன் கீலில் சாய்ந்து திரும்பும். கீலுக்கு ஒரு சிறு மோட்டார், இரண்டு பேரிங், ஒரு பூட்டு. ஆறு கீல்களும் ஹோல்கர் செய்தவை. அவனுடைய நான்கு ஆண்டுகள் அவற்றில் இருந்தன.

உடற்சட்டம் அவன் மனைவி சோல்வெய்யின் வேலை. அடுத்த சனிக்கிழமை முதன்முதலாக ஆளோடு பறக்கும்போது உட்காரப்போவதும் அவள்தான். இருக்கையே அவள் அளவுக்குத்தான் செய்யப்பட்டிருந்தது.

பேட்டரிகளைப் பார்த்துக்கொள்ளும் உல்லா காலையிலிருந்து அவனைக் கவனித்தபடி இருந்தாள்.

“ஏன் ஹோல்கர், ஃபிரிட்ஜைத் தெறந்து தெறந்து மூடுற? உள்ள யாராச்சும் குடியிருக்காங்களா?”

“பால் இருக்கான்னு பாத்தேன்.”

“இது நாலாவது தடவை. மாடுகூட பயந்துடும்.”

“அது உன் பேட்டரிக்கு வந்த கேக்காத்தான் இருக்கும். அதுதான் கனம்.”

“பேட்டரிய எடுத்துட்டா உன் பொண்டாட்டி மிதிச்சிக்கிட்டுத்தான் பறக்கணும்.”

[இங்கே பணம் போட்ட சீக்ஸ்தென் என்பவர் நல்ல கோட்டுடன் வந்து ஒன்றரைப் பக்கம் நின்றார். எடுத்துவிட்டேன். அவர் இல்லாமலும் கதை நிற்கிறது.]

கேக்கை வாங்கி வைத்தவள் சோல்வெய். அதில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்கு இந்தக் கேக்? பல வரைவுகளுக்குப் பிறகே பிடிபட்டது. வீட்டில் கேட்டால் கணவன் விட்டுக்கொடுத்துவிடுவான். அவளுக்கு வேண்டியது கீலைச் செய்தவனின் சம்மதம்.

4

மூன்று மணிக்கு அவள் கேக்கை மேசைமேல் வைத்தாள்.

“ஆறு கீலும்” என்றாள். “விசிறியெல்லாம் மேல பாத்தபடியே இருக்கட்டும். பின்னாடியிருந்து தள்றதுக்கு இன்னொண்ணு மாட்டிக்கலாம். திரும்புற பாகமே வேண்டாம்.”

“வேகம் போயிடும். நூத்தி இருவதுல போறது தொண்ணூறுலதான் போகும்.”

“போகட்டும். எனக்கென்ன ரயிலா தவறப்போகுது?”

“சோதனையில நானூறு தடவை திரும்பிச்சு. மூணாவது கீலு ஒரே தடவைதான் சிக்குச்சு.”

“சரி. அந்த ஒரு தடவைல யாரு உக்காந்திருப்பா?”

உல்லா தன் கோப்பைக்குள் பார்த்தாள். “ஹோல்கர், உனக்கு ஒரு வாக்கியம்தான். இதுவரைக்கும் பேசினதைக் கணக்குல சேக்கல. யோசிச்சுப் பேசு.”

5

முடிவுகள்:

அ. அவன் வெட்ட மறுக்கிறான். சனிக்கிழமை, பன்னிரண்டு மீட்டர் உயரத்தில், மூன்றாவது கீல்— இல்லை. ஒரு கணவனுக்குப் புத்தி வரட்டும் என்று மனைவியைக் கீழே தள்ளுவது சோம்பேறி எழுத்தாளன் செய்கிற வேலை.

ஆ. ஹோல்கரும் அதே எண்ணத்தோடு காரில் ஒரு பச்சைக் கேக் வைத்திருக்கிறான். தித்திப்பு தாங்கவில்லை.

இ. கதவை அறைந்துவிட்டு வெளியேறுகிறான். எழுதிப் பார்த்தேன். வெளியே குளிர், மேல்கோட்டை எடுக்கத் திரும்பி வந்துவிட்டான்.*

* வந்தவனை மறுபடி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

6

ஹோல்கர் தன் வாக்கியத்தைச் சொன்னான்.

“ஒரு தடவை இல்ல சோல்வெய், மூணு தடவை சிக்குச்சு, ரெண்டை நான் எழுதாம விட்டுட்டேன்.”



“தெரியும்” என்றாள். “நீ எழுதலைன்னா என்ன, சிக்கினதையெல்லாம் அந்த மோட்டார் தானே பதிஞ்சு வச்சிருக்கு. போன வாரம் பாத்தேன்.”

“அப்பவே திட்டியிருக்கலாமே.”

“திட்டினா நீ சண்டை போடுவ. கேக் வச்சா உக்காருவ.”

அவன் கத்தியை எடுத்தான். கேக்கின் நடுவில் இறக்கினான். ரோஜா இருந்த துண்டை அவள் தட்டில் வைத்தான்.

“எனக்கு ரோஜா பிடிக்காதுன்னு பதினாறு வருஷமா தெரியாதா?”

“தெரியும். அதான், எனக்கே திருப்பித் தந்துடுவ.”

உல்லா தட்டை நீட்டினாள். “ரெண்டு பேரும் முடிச்சிட்டீங்கன்னா இங்கயும் ஒரு ஆள் இருக்கேன்.”

7

அந்தச் சனிக்கிழமை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு பக்கம் எழுதினேன். காற்று, புல், பின்னால் புதிதாக மாட்டிய விசிறி, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஹோல்கர். எடுத்துவிட்டேன்.

வழக்கப்படி கேக் வாங்கி வைத்திருக்கிறேன். செய்தவனே வெட்ட வேண்டும். எனக்குக் கை வரவில்லை. கத்தியை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். அந்தக் காட்சி இல்லாமலும் இது பறக்கும் என்று தோன்றினால் வெட்டுங்கள். இல்லாவிட்டால் தொடாதீர்கள், காட்சி திரும்பி வந்துவிடும், எழுத வேண்டியது நீங்கள்.

எனக்கும் ஒரு வாக்கியம் உண்டு: எப்படி எழுதினாலும் அவளை மெதுவாக இறக்குங்கள்.