நடுவில் காணாத பக்கங்கள்

தொண்ணூற்றிரண்டாம் பக்கத்துக்கும் தொண்ணூற்று மூன்றுக்கும் நடுவில் இருந்த மடிப்பில் தாயம்மா விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள், கிழித்த தாளின் பிசிறு ஏதாவது தட்டுப்படுமா என்று. ஒன்றும் தட்டுப்படவில்லை. சிமெண்ட் தின்ற விரல் வெடிப்புதான் காகிதத்தில் சரசரத்தது. இடது பக்கத்தின் கடைசி வரியில் புருஷன் வீட்டை விட்டுப் போகிறான். வலது பக்கத்தின் முதல் வரியில், 'பன்னிரண்டு ஆண்டுகள் உருண்டோடின' என்று இருந்தது. அடுத்த வரியில் கதவு தட்டப்படுகிறது.

வேலை முடிந்து வீடு திரும்பும் ரயில் மாலூரைத் தாண்டியிருந்தது. ஒயிட்ஃபீல்டில் நாள் முழுக்கக் கலவைச் சட்டி தூக்கிய தோள் விண்விண்ணென்று தெறித்தது. மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கியிருப்பாள். கையில் இருந்த நாவல் அவள் மகள் இந்துவுக்குப் பத்தாம் வகுப்பில் பாடமாக வைத்தது. "புருஷன் வுட்டுட்டுப் போயி திரும்பி வர்ற கதம்மா. செம போரு" என்று திங்கட்கிழமை இந்து சொன்னாள். அன்றைக்குத்தான் தாயம்மாவின் புருஷன் சம்பங்கியின் தங்கை வந்து, அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். திருப்பூரில் வேலை என்று கிளம்பி எட்டு வருஷம் தலைகாட்டாதவன். மறுநாள் புத்தகம் தாயம்மாவின் சோற்றுப் பைக்குள் ஏறியது. நாற்பது வயதுக்கு மேல் சர்ச் ஹாலில் நடந்த முதியோர் வகுப்பில் படித்த எழுத்து அவளுக்கு. ஒரு பக்கம் முடிக்க ரெண்டு ஸ்டேஷன் ஆகும். அவன் வந்தால் என்ன செய்வது என்று வேறு யாரைப் போய்க் கேட்பது எனத் தெரியாததால் புத்தகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுல பக்கம் காணோம்" என்றாள்.

எதிரில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த சரோஜம்மா, தாயம்மாவின் லைன் வீட்டு வரிசையிலேயே குடியிருப்பவள், நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் செக்யூரிட்டி சட்டையோடு உட்கார்ந்திருந்த டென்சில் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

"நம்பர் எல்லாம் கரெக்டா கீது தாயம்மா. நான் ஸ்கூல்ல படிச்சப்பவும் இதே புக்குதான். கடசில அவ கதவத் தொறப்பா பாரு, கிளாஸே அழுதுச்சு. தெய்வம் மாதிரி பொம்பள."

"தொறந்துட்டாளா?" சரோஜம்மாவின் கையில் அவரைக்காய் நசுங்கியது. "தொடப்பத்த எங்க வெச்சிருந்தாளாம்? தேடிக்கினு இருந்தாளா?"

பெட்டியில் நாலு பேர் சிரித்தார்கள்.

"தொறக்கறதும் தொறக்காததும் இருக்கட்டும்" என்றாள் தாயம்மா. "நடுவுல இன்னா துன்னா? அரிசி யாரு வாங்குனா? புள்ளைக்கு ஜுரம் கண்டா எங்க தூக்கிக்கினு ஓடுனா?"

"அதெல்லாம் எழுதுவாங்களா? கதைம்மா இது, ரேஷன் கார்டா?"

"உன் புக்குலயும் அது இல்லியா?"

டென்சில் யோசித்தார். கொஞ்சம் வெட்கப்பட்டவர் மாதிரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நான் தேடிப் பாக்கல" என்றார்.

சரோஜம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, மற்ற யாருக்கும் கேட்காமல், "ஞாயித்துக்கெழம வரானாமே?" என்றாள். தாயம்மா தலையாட்டினாள்.

வீட்டுக்குப் போனதும் இந்துவிடம், மற்றப் பிள்ளைகளின் புத்தகத்தையும் பார்த்து வரச் சொன்னாள். நம்பர் சரியாக இருந்தாலும், அச்சுக்காரன் ஒரு கட்டுத் தாளை விட்டுவிட்டுத் தைத்திருக்கலாம். நடக்காததா என்ன? சனிக்கிழமை மத்தியானம் இந்து பையை வீசிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எல்லார் புக்கும் ஒண்ணுதாம்மா. நடுவுல நடந்தத கத எழுதனவங்க எழுதவே இல்ல. கிளாஸ்ல பாதிப் பேரு தொறந்தது சரிங்கறாங்க, பாதிப் பேரு தப்புங்கறாங்க. ஒரே கலாட்டா. மிஸ்ஸு, 'பொறுமையின் சிகரம்'னு எழுதுனா ஃபுல் மார்க்குங்கறாங்க."

"நீ இன்னா எழுதப்போற?"

இந்து பையை எடுத்து அதன் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். "நீ அவர உள்ள வுடுவியாம்மா?"

அப்பா என்று சொல்லவில்லை என்பதைத் தாயம்மா கவனித்தாள்.

"தெரிலடி" என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை. அந்தப் பொம்பளையின் பன்னிரண்டு வருஷமும் கையில் கிடைத்திருந்தால், அவள் ஏன் திறந்தாள் என்று பிடிபட்டிருக்கும். அதை வைத்துத் தன்னுடையதையும் நிறுத்துப் பார்த்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வாக்கில் சம்பங்கி வந்தான். தட்டுவதற்குக் கதவு மூடியிருக்கவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நாள், குடங்கள் வாசலை அடைத்திருந்தன. தலைக்கு மை பூசியிருந்தான். கையில் ஸ்வீட் பெட்டி, காலில் பளபளவென்று கறுப்பு ஷூ.

"ஆண்டர்சன்பேட்டையே மாறிப்போச்சு. அடையாளமே தெர்ல" என்றான், சந்தைக்குப் போய்விட்டு வந்தவன் போல. உள்ளே எட்டிப் பார்த்தான். "இந்து கீறாளா? டீ போடேன்."

தாயம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். உள்ளே போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து, வாசற்படிக்கு வெளியே குடங்களை நகர்த்திவிட்டுப் போட்டாள்.

"குந்து. நீ போன மறுநாள்ல இருந்து சொல்றேன்."

"அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கு? அதான் வந்துட்டேன்ல."

"குந்து."

அவன் உட்கார்ந்தான். அவள் படியில் உட்கார்ந்துகொண்டாள். குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. புத்தகம் படிக்கிற அதே நிதானத்தில், ஒவ்வொன்றாகச் சொன்னாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை. அடுப்பில் வைக்க ஒன்றுமில்லை. பிள்ளை அப்பா எங்கே என்றது. அவன் இரண்டு தடவை வாயைத் திறந்தான். அவள் கை காட்டி நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். இந்து வெளியே வந்து, அம்மாவுக்குப் பின்னால் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அவளுக்கும் இதில் பாதி புதுசு.

மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து காற்று கிளம்பி வந்தது. வெள்ளை மண் குடங்களின் மேலும் ஸ்வீட் பெட்டியின் மேலும் படிந்து, அவன் ஷூவின் கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. அவன் குனிந்து தட்டினான். மறுபடியும் படிந்தது. எட்டு வருஷக் கதையில் தாயம்மா இன்னும் முதல் மழைக்காலத்துக்குத்தான் வந்திருந்தாள்.