சங்கு ஊதிய நேரம்

மதி அந்த வரியை மூன்றாவது முறையாக அடித்துவிட்டு அழித்தாள். "பாலத்தின் கட்டுமானச் சாரம் சரிந்ததில் பதினொரு தொழிலாளர்கள் மாண்டனர். குருவின் பார்வை பெற்ற நம் பொறியாளரோ, தேநீர் அருந்தக் கீழே இறங்கியிருந்தபடியால் உயிர் பிழைத்தார்." எழுத்துப்பிழை எதுவும் இல்லை. காற்புள்ளிகூட சரியான இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் அந்த வரிக்கு வரும்போதெல்லாம் விரல் தயங்கியது.

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் இருந்த அந்த டிடிபி கடையில் பகலில் வேலை, மாலையில் டிப்ளமா மெக்கானிக்கல் வகுப்பு என்று அவள் நாள் ஓடியது. ஜோதிட மாத இதழ் ஒன்றுக்காக ஜோசியர் கிருஷ்ணப்பன் எழுதும் 'சாதித்தவர்களின் ஜாதகம்' தொடரை மாதாமாதம் அவள்தான் அடித்துக் கொடுப்பாள். நடிகர்கள், வியாபாரிகள் என்று வந்துகொண்டிருந்த தொடரில் இந்த மாதம் அமிர்தகடேசன் என்ற பொறியாளர். வடக்கே பெரிய ஆறுகளின் மேல் பதினேழு பாலங்கள் கட்டியவர், விருதுகள் வாங்கியவர். பிறப்பு, படிப்பு, முதல் வேலை, இருபத்தெட்டாம் வயதில் நேர்ந்த அந்த விபத்து, அதற்குப் பிறகான புகழ் என்று எட்டுப் பக்கம் எழுதி, நடுவில் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார் கிருஷ்ணப்பன்.

திங்கட்கிழமை அந்தக் கட்டத்தை நிரப்பும்போதுதான் அது ஏற்கெனவே பார்த்த கட்டம் என்று அவளுக்குப் பட்டது. சிம்ம லக்னம். எட்டில் செவ்வாயும் சனியும். ஐந்தில் குரு. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தபோது அவள் தன் நோட்டில் படியெடுத்து வைத்திருந்த கணவன் டில்லிபாபுவின் ஜாதகமும் அப்படித்தான் இருந்தது. சந்திரனும் ராகு கேதுவும் வேறு இடங்களில். மற்றபடி அச்சு அசல். அவனுக்கும் பங்குனியில் இருபத்தெட்டு முடிந்திருந்தது. எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவன் ஒப்பந்தத் தொழிலாளி. புகைபோக்கிக்கும் உயரமான தொட்டிகளுக்கும் கயிற்றில் தொங்கிப் பெயின்ட் அடிப்பவன்.

கிருஷ்ணப்பனிடம் கேட்டாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் நோட்டைப் பார்த்தார்.

"கண்டம் கீதும்மா. இல்லன்னு சொல்லல. ஆனா அஞ்சுல இருந்துகினு குரு லக்னத்தப் பாக்கறாரு பாரு. வந்து ஒரசிட்டுப் போய்டும். பயப்படாத."

"அந்தப் பதினோரு பேரு ஜாதகத்தையும் பாத்தீங்களா சார்?"

"அதெல்லாம் எவன்மா எழுதி வெச்சிகினு இருப்பான்?" என்று சிரித்தார் அவர்.

அந்தச் சிரிப்பு அன்றைக்கு அவளை உறுத்தவில்லை. 'வந்து உரசிவிட்டுப் போய்விடும்' என்பதை மட்டும் நோட்டில் எழுதி அடிக்கோடிட்டாள். மூன்று நாளாக மனசில் இருந்ததும் அந்த அடிக்கோடுதான். இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது டில்லிபாபு சேஃப்டி பெல்ட்டின் கொக்கியை அவளிடம் காட்டினான். அதன் வாயை மூடும் தகடு பாதியில் நின்றது. விரலால் தள்ளினால்தான் மூடியது.

"இன்னாமே, இதப் பாரேன். ஸ்பிரிங் பூட்ச்சி. வேற குடுன்னா, அடுத்த வாரம் வரும்றாங்கோ. இன்னிக்கு லீவு போட்டுடவா? மன்சு ஒரு மாரியா கீது."

அவன் அப்படிக் கேட்பவன் இல்லை. காய்ச்சலோடு ஏறியவன். கேட்டானே என்று அப்போதே அவள் யோசித்திருக்கலாம். கொக்கியின் வாய் மூடவில்லை என்றால் கயிறு எத்தனை டன் தாங்கும் என்ற கணக்குக்கு மதிப்பே இல்லை என்று போன வாரம்தான் வகுப்பில் எழுதியிருந்தாள். ஆனால் அவள் வாயில் வந்தது வேறு.

"குரு பாக்கறாரு மாமா. உனக்கு ஒண்ணும் ஆவாது. இப்போ லீவு போட்டா அடுத்த வேலைக்கு உன்னக் கூப்பிட மாட்டாங்க. தைரியமா போ."

"குரு பாக்கறாரா? அப்போ அவரயே பெல்ட்டப் புட்ச்சிக்கச் சொல்லு," என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தான்.

மதியம் இரண்டரைக்கு மாமியார் தாயம்மா சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை அவளுக்கு. இரண்டு மணிக்கு முடியும். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி, திரையில் இருந்த கட்டத்தைப் பார்த்தாள்.

"யாரு ஜாதகம்மே இது?"

"பெரிய இன்ஜினியரு அத்தே. நம்ம வூட்டாருது மாரியே கீது. அதே லக்னம். ரெண்டு பேருமே மூணு மணிக்குப் பொறந்தவங்க."

"மூணு மணியா? எவன் சொன்னான்?"

"ஜாதகத்துல அப்படித்தானே போட்டுக்கீது."

தாயம்மா தூக்கைத் திறந்துகொண்டே சொன்னாள். "அது அப்போ ஜாதகம் எழுதின ஜோசியரு போட்டுக்கினது. ஆட்டோ வர்றதுக்குள்ள வூட்லயே பொறந்துட்டான் இவன். கடியாரம் ஏது? கம்பெனி சங்கு ஊதறப்போ பொறந்தான்னு உங்க மாமனாரு சொன்னாரு. சங்குன்னா மூணு மணி ஷிஃப்ட்டுன்னு அந்தாளு எழுதிக்கினான். அது ஷிஃப்ட்டு சங்கு இல்லமே. ஷிஃப்ட்டு சங்கு ஒரே மூச்சா ஊதும். அன்னிக்கு வுட்டு வுட்டு ஊதிச்சு. இப்போ இவன் வேலைக்குப் போற அதே கம்பெனிலதான் டேங்க்கு வெடிச்சி நாலு பேரு பூட்டாங்க. புள்ளையக்கூடப் பாக்காம உங்க மாமனாரு கேட்டுக்கு ஓடினாரு. நெருப்பு வெயிலு. ஒண்ணு, ஒண்ணர இருக்கும்."

மதி சுட்டியை நகர்த்தி, கிருஷ்ணப்பன் கொடுத்திருந்த ஜாதக மென்பொருளைத் திறந்தாள். தேதி போட்டு, பிற்பகல் ஒன்று இருபது என்று அடித்தாள். கடக லக்னம். ஒன்று நாற்பது என்று மாற்றினாள். கடகம்தான். செவ்வாயும் சனியும் ஒன்பதுக்குப் போயிருந்தார்கள். குரு ஆறில் மறைந்திருந்தார். கண்டம் போய்விட்டது. காவலும் போய்விட்டது. பெரிய இன்ஜினியருக்கும் தன் கணவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றது அந்தக் கட்டம். மிச்சம் இருந்தது கொக்கி ஒன்றுதான். பாதியில் நிற்கும் அந்தத் தகடு. மறுபடி அந்த வரிக்குப் போனாள். தேநீர் குடிக்க இறங்கியவருக்குப் பெயர் இருந்தது, எட்டுப் பக்கம் இருந்தது. இறங்காதவர்கள் வெறும் பதினொன்று. அந்தப் பதினொரு வீடுகளில் எத்தனை பேர் 'தைரியமா போ' என்று சொல்லி அனுப்பினார்களோ.

அவனை அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மேலே ஏறும்போது போனைக் கீழே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். மேஸ்திரி நெல்சனை அழைத்தாள்.

"டில்லியா? மேல கீறாம்மா. மூணு மணிக்கு எறங்கிடுவான். இன்னா விசயம்?"

ஜாதகம் தப்பு என்று சொல்ல முடியுமா? "அந்தக் கொக்கி... சரியில்லண்ணே. கொஞ்சம் எறக்குங்களேன்."

"அட, பேஜாருமா உன்னோட. பதினஞ்சி வருசமா இதே கொக்கிதான் மாட்டிகினு கீறோம். இப்போ எறக்கினா வேல நிக்கும். வைம்மா போன."

"நான்தாண்ணே அவர போவ சொன்னேன்," என்றாள் மதி. மறுமுனையில் யாரும் இல்லை.

தாயம்மா அவளைப் பார்த்தாள். கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது. "இன்னாடி? இன்னா கொக்கி?"

மதி நேரத்தைப் பார்த்தாள். திரையின் மூலையில் இரண்டு ஐம்பத்தைந்து. அந்தக் கடிகாரம் கொஞ்ச நாளாகப் பின்தங்கியே ஓடுகிறது. எத்தனை நிமிடம் என்று அவள் ஒரு நாளும் குறித்து வைத்ததில்லை. எல்லாவற்றையும் குறித்து வைப்பவள், இதை மட்டும் விட்டிருந்தாள்.

அப்போது சங்கு ஊதியது.

முதலில் அடித்தொண்டையில் எழுந்து, வீதியின் லாரிச் சத்தத்துக்கு மேல் ஏறியது. தாயம்மா கையிலிருந்த சோற்றைத் தூக்கிலேயே போட்டுவிட்டு எழுந்து நின்றாள். இரண்டு பேரும் வாசலைப் பார்க்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. எதிர்ப் பூக்கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஒலி ஏறி, உச்சியில் நின்று, நீண்டது. மதி உதட்டை அசைக்காமல் எண்ணினாள். ஏழு. எட்டு. அவள் மூச்சை விடவில்லை, அன்றைக்குப் போல் சங்கு விட்டு விட்டு ஊதிவிடக் கூடாதே என்று. ஒன்பது. மாமியாரின் சோறு ஒட்டிய விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. பத்து.