ஆறு மணிக் குலுக்கல்

மார்னிக்குத் தன் புதுப்பாட்டுகள் மேல் துளிச் சந்தேகமும் இல்லை. சந்தேகமெல்லாம் டூகலுக்குத்தான். பன்னிரண்டு வருஷமாக அவள் பாட, அவன் கிட்டார் வாசிக்க, ‘வெட் டவல்ஸ்’ குழு நியூகாசில் கடற்கரையிலிருந்து கிளம்பி ஆஸ்திரேலியா முழுக்கப் பெயர் வாங்கியிருந்தது. முதல் இரண்டு ஆல்பமும் கிட்டார் துள்ளல். மூன்றாவதை அவள் முழுக்கக் கீபோர்டில், நிதானமான பாட்டுகளாக எழுதி வைத்திருந்தாள்.

“ஆடிக்கிட்டிருந்தவங்கள உட்கார வெச்சுத் தாலாட்டப் போறியா?” என்றான் டூகல். “நம்ம பப்புல வாசிச்சுப் பாப்போம். அங்க எடுபடலைன்னா இதைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு, பழையபடி கிட்டாருக்கே வந்துடணும். சரியா?”

“சரி. ஞாயித்துக்கிழமை. ஆறடிக்க மூணு நிமிஷம் இருக்கிறப்ப ஆரம்பிக்கிறோம்.”

“உனக்கென்ன கிறுக்கா? பாட்டே ஏழு நிமிஷம். ஆறு மணிக்கு நெவ் மணியடிச்சிடுவாரு.”

“அடிக்கட்டும்.”

அந்த பப்பில் ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கறிக் குலுக்கல். சீட்டு விழுந்தவருக்குத் தட்டு நிறைய ஆட்டுக்கறியும் சாசேஜும். மேடையில் எந்தக் கொம்பன் பாடினாலும் பப் முதலாளி நெவ் பாதியில் மணியடித்து மைக்கை வாங்கிக்கொள்வார். வானொலியில் நாள் தவறாமல் ஒலித்த இவர்கள் பாட்டையே அப்படி மூன்று முறை அறுத்திருக்கிறார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பாட்டை அடுத்த வாரமும் கேட்கலாம், கறி அப்படியா?

ஞாயிறன்று மார்னி கீபோர்டில் விரல் வைத்ததுமே, “டூகல், கிட்டாரு தூங்குதா?” என்று பார் பக்கமிருந்து ஒருவர் நக்கலடித்தார். நாலு பேர் சிரித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தப் பாட்டில் டூகலுக்கு மொத்தமே நாலு சுரம்தான். மீதி நேரமெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் சரணத்தில் பேச்சுச் சத்தம் அடங்கியது. ஆறு மணிக்கு நெவ் ஒரு கையில் கறித்தட்டும் மறு கையில் மணியுமாக மேடையோரம் வந்து நின்றார். அப்போதுதான் மார்னிக்கு முதல் முறையாகச் சந்தேகம் எட்டிப் பார்த்தது. ஆனாலும் அவசரப்படவில்லை, எழுதியபடியே பாடினாள். நெவ் தட்டை மேசையில் வைத்தார். மணியைத் தூக்கினார். பிறகு அதன் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பாட்டு முடிந்து, கைதட்டலும் ஓயும்வரை பொறுத்திருந்து மைக்கை வாங்கினார்.

“ஆறடிச்சு நாலு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் லேட்டு. மன்னிச்சுக்கங்க, தப்பு என்னோடது.”

சொல்லிவிட்டு மணியடித்தார்.

டூகல் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“ஆல்பத்துல எனக்கு எங்க இடம் இருக்கு, காட்டு” என்றான்.

மார்னி சற்று நகர்ந்து, கீபோர்டின் இடது பக்கத்துக் கட்டைகளை அவனுக்கு விட்டாள்.