வள்ளத்தில் இருந்த இத்தா

...அதெப்படி ஒருவனுக்குக் கை கூசாமல் வரும், மூன்று வருடத்துக்கு முன் றுஷ்னா ஒரு சிற்றிதழில் எழுதிய கதையை, தலைப்பை மட்டும் மாற்றித் தன் தொகுப்பில் முதற்கதையாக வைத்து, அதற்குப் பரிசும் வாங்கி, இன்றைக்குப் புத்தளத்தில் வெளியீட்டு விழாவும் வைக்கிறானே இந்த முஆஸ், வெட்கம் கெட்டவன்... மதுரங்குளிச் சந்தியில் பஸ் ஏறியதிலிருந்து றுஷ்னா இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள். மடியில் இரண்டு கதைகளின் போட்டோக் கொப்பிகளும் இருந்தன, ஒன்றுபோலிருந்த வரிகளுக்கெல்லாம் சிவப்பில் கோடு போட்டிருந்தாள், போடப் போடப் பேனையே தீர்ந்துபோயிற்று. கேட்டால் என்ன சொல்வான்? தாக்கம் என்பான், தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் எல்லோருக்கும் ஒரே கதைதானே என்பான். அடப்பாவி, ஒரே கதையா? புருசன் மௌத்தாகி, நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கிற இத்தாவில், முப்பதாம் நாள், ஊரை விட்டே போ என்றால் ஒரு பெண் என்ன செய்வாள், பாயை உடம்போடு சுற்றிக்கொண்டு, ஆண்கள் நிறைந்த வள்ளத்தில், கற்பிட்டிவரைக்கும் முகம் காட்டாமல் வந்தாளே, அது எல்லோருக்குமா நடந்தது?

சரி, அதையாவது யாரோ சொல்லக் கேட்டேன் என்று தப்பலாம். முடிச்சு? நாள் கணக்குத் தவறாமலிருக்க அந்தப் பெண் முந்தானையில் தினம் ஒரு முடிச்சுப் போட்டாள் என்பது நடக்கவே இல்லையே, அது றுஷ்னா இட்டுக்கட்டியது, சோறு வடிக்கும்போது தோன்றி, கையைத் துடைத்துவிட்டு ஓடிவந்து எழுதியது. நடக்காததை அவன் யாரிடம் கேட்டான்? நல்லாக அகப்பட்டான்! சபையில் எழும்பி இந்த ஒரு கேள்வி கேட்டால் போதும், ஆனால் வெறும் வாயால் கேட்டால் பொறாமை என்பார்கள், கேட்பது பெண் என்றால் சொல்லவே வேண்டாம். சாட்சி வேண்டும். சாட்சி இருந்தாள், பாயைச் சுற்றிக்கொண்டு வந்த ஸுல்பிகா மாமியேதான், அகதி முகாமில் இவர்களுக்குப் பக்கத்துக் கொட்டில், வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குத் தாள் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒருநாள் தானாகவே சொன்னாள், பிறகு அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. பாலாவியில் பஸ் நின்றபோது றுஷ்னா போனை எடுத்தாள்.

“மாமி, நீங்க முந்தானையில முடிச்சுப் போடல்லதானே? அத மட்டும் விழாவுக்கு வந்து சபையில ஒருக்காச் சொல்லுங்க.”

“நான் எங்க முடிச்சுப் போட்டன் மகள், பயத்துல நாளே மறந்து போச்சி. அந்தத் தம்பி வாசிக்கக்குள்ள நானும் நெனச்சன், போட்டிருந்தா நல்லா இருந்திரிக்கும் எண்டு.”

எந்தத் தம்பி?

“முஆஸ்தான். உன்ட கதய வாசிச்சிட்டு, விசாரிச்சு ஊட்டுக்கே வந்திச்சி. முழுக்க வாசிச்சுக் காட்டி, நான் இத எழுதட்டா உம்மா எண்டு கேட்டிச்சி. ஓம் எண்டன். என்ட இத்தா பொஸ்தகத்துல வந்திரிக்கி எண்டு அப்பதான் எனக்கே தெரியும்.” மாமியின் குரலில் கோபம் இல்லை. “ஒனக்கு வேல கூட, அதான் நீ வந்து சொல்லல்ல எண்டு நெனச்சன் மகள்.”

வாசித்துவிட்டுத்தான் வந்தானாம், இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கள்ளன், ஓம், கள்ளன்தான், வசனத்துக்கு வசனம் அவளுடையது, மாமி சொன்ன ஓம் அதற்கு எப்படிக் காணும், மாமி யார் அவளுடைய வசனத்தை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுக்க... அப்படி நினைத்ததும் அவளுக்கே திக்கென்றது. மூன்று வருடம், பெருநாளுக்குப் பெருநாள் அந்த வீட்டில் வட்டிலப்பம் தின்றாளே, ஒருமுறை இதழ் கைப்பையிலேயே கிடந்ததே, ஏன் எடுக்கவில்லை? மாமிக்கு வாசிக்கத் தெரியாது என்றா, வாசித்துக் காட்டினால் வேண்டாம் மகள் என்றுவிடுவாள் என்றா?

“நான் விழாவுக்கு வந்திட்டன், அந்தத் தம்பிதான் கூப்பிட்டிச்சி, முன் கதிரையில இருத்தி இரிக்காங்க,” என்றாள் மாமி. “நீ வந்து கேக்கிறதக் கேளு.”

பஸ் புத்தளத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கேட்கத்தான் போகிறாள், அவனைச் சும்மா விடுவதா, ஆனால் மைக்கைப் பிடித்தால் எதிரே முன் கதிரையில் மாமி இருப்பாளே, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இது என்ட கதை என்று சொல்ல வேண்டுமே...